நாங்கள், நாம்: சேரியிலிருந்து தேசத்தையும் அரசையும் பார்த்தல்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு – உரை வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இம்முறை தேசியம் பற்றிப் பேசலாம் என்று மன்றத்தில் முடிவானபோது, உரையை ஒருவர் தனியாக எழுத வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். பல வாரங்கள் கூடி வாசித்தோம். வாதாடினோம். எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டோம். மேடையில் ஒரு குரல்தான் கேட்கிறது என்றாலும் உரை எங்கள் எல்லோருடையது. அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

இந்தச் சொல்லைத் தேர்ந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரே இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு பேசினால் தமிழில் 'நாம்'. அவரைச் சேர்க்காமல் பேசினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தேசியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகங்களைத் தமிழில் பேசிப் படித்தபோது நாங்கள் அடிக்கடி இடறிய இடம் இது. அந்த ஒற்றைச் சொல்லை எப்படித் தமிழாக்குவது? தேசத்தின் பெயரால் பேசுகிறவர் எப்போதும் 'நாம்' என்கிறார். தனிச் சுடுகாடும் தனித் தெருவும் உள்ள மக்கள் அதைக் கேட்கும்போது, அந்த 'நாம்' எந்தத் தெருவோடு நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். தேசியம் குறித்த எங்கள் கேள்வி அங்கேயே தொடங்குகிறது.

கோட்பாடுகள் சொல்வது

1882ஆம் ஆண்டு பாரிஸில் எர்னஸ்ட் ரெனான் ஓர் உரை நிகழ்த்தினார். தேசம் என்றால் என்ன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இனம், மொழி, மதம், நிலம் எதுவுமே தனித்து ஒரு மக்களைத் தேசமாக்கிவிடாது என்றார். சேர்ந்து சுமக்கும் நினைவுகளும் சேர்ந்து வாழும் விருப்பமுமே தேசம் என்றார். கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: தேசமாவதற்குச் சிலவற்றை மறக்கவும் வேண்டும். பழைய படுகொலைகளை எல்லோரும் மறந்தால்தான் ஒன்றாக வாழ முடியும்.

1940இல் பாகிஸ்தான் பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் இந்த ரெனானை எடுத்தாள்கிறார். இந்து–முஸ்லிம் உறவைப் பற்றி அங்கே அவர் எழுப்பும் கேள்வியை நாங்கள் எங்கள் பக்கமும் திருப்பிப் பார்த்தோம். இருவரும் சேர்ந்து மறக்கலாம் என்று சொல்ல, நடந்தது இருவருக்கும் பழங்கதையாகியிருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022இல் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. முடியாத ஒன்றை மறக்கச் சொல்வது எங்களை வாயை மூடிக்கொள்ளச் சொல்வதுதான்.

1983இல் இரண்டு முக்கியமான நூல்கள் வந்தன. ஒன்று எர்னஸ்ட் கெல்னருடையது. விவசாயச் சமூகத்தில் ஆள்வோர் பண்பாடு வேறு, உழுவோர் பண்பாடு வேறு. அதனால் யாருக்கும் நட்டமில்லை. தொழிற்சாலைச் சமூகத்துக்கு ஆள் இடம்பெயர வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், யாரோடும் ஒரே மொழியில் பேச வேண்டும். அந்தப் பொதுப் பண்பாட்டைப் பள்ளிக்கூடம் உருவாக்குகிறது, பள்ளிக்கூடத்தை அரசு நடத்துகிறது. தேசியம் பிறப்பது அப்படித்தான் என்கிறார் கெல்னர்.

மற்றது பெனடிக்ட் ஆண்டர்சன் எழுதியது. தமிழில் 'கற்பிதச் சமூகம்' என்று நாம் சொல்லிப் பழகிய கருத்து அவருடையது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பல லட்சம் பேர், ஒரே மொழியில் அச்சான ஒரே செய்தித்தாளை ஒரே காலையில் படிக்கிறார்கள். முகம் தெரியாத மற்ற வாசகர்களையும் தம்மவர் என்று எண்ணுகிறார்கள். உள்ளே எத்தனை ஏற்றத்தாழ்வு இருந்தாலும், தேசம் சமமானவர்களின் தோழமையாகக் கற்பனை செய்யப்படுகிறது.

இருவரிடமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் எங்கள் ஊருக்கு வரும்போது இரண்டு விளக்கங்களும் ஓர் இடத்தில் முட்டி நிற்கின்றன. பள்ளிக்கூடம் வந்தது, அதற்குள் தனிப் பானையும் தனி வரிசையும் வந்தன. தொழிலுக்காக ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். சாதியும் கூடவே கப்பல் ஏறியது. செய்தித்தாள் வந்தது; டீக்கடையில் அதைப் படித்துக் கேட்டவர்கள் இரண்டு வகை டம்ளரில் குடித்தார்கள். சமமானவர்களின் தோழமை என்ற கற்பனைகூட இங்கே எளிதில் எழவில்லை. அந்தக் கற்பனைக்கே தீட்டு பார்த்தார்கள்.

காலணா விலையில் ஒரு பத்திரிகை

அச்சு பற்றிய ஆண்டர்சனின் விளக்கத்துக்கு எங்களிடம் சொந்தமாக ஒரு சான்று இருக்கிறது. 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. மறு ஆண்டு பெயர் 'தமிழன்' ஆனது. 1914இல் மறையும்வரை பண்டிதர் அதை வாரந்தோறும் நடத்தினார்.

அதன் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னையில் இருந்தார்கள், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களாக இருந்தார்கள், ரங்கூனில் இருந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள். ஒரு பைசா கொடுத்து வாங்கிய தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். முகம் தெரியாதவர்களைத் தம்மவர் என்று எண்ணவைத்த தாள்தான் அதுவும். ஆனால் அது கட்டிய சமூகத்துக்கு ஒரு நாட்டின் எல்லை பொருந்தவில்லை. 'பூர்வ பௌத்தர்', 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பண்டிதர் அவர்களுக்குப் பெயரிட்டார். எந்தப் பெயரில் மக்கள் கணக்கில் பதிந்துகொள்வது என்பதையே அரசியல் கேள்வியாக்கினார்.

அது சுதேசி இயக்கத்தின் காலம். பண்டிதர் அதைக் கடுமையாக விமர்சித்தார். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர் அந்நியத் துணியை எரித்துச் சுதேசி ஆகிவிட முடியுமா என்பதுதான் அவரது விமர்சனத்தின் சாரம். இதற்காக அவர் வெள்ளையர் ஆட்சியைப் புகழ்ந்தவர், தேசத்தை எதிர்த்தவர் என்று ஒரு பழி இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அவர் புகழ்ந்தது உண்மை. அதை மறைக்கவோ மழுப்பவோ நாங்கள் விரும்பவில்லை. ஏன் புகழ்ந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1891 டிசம்பரில் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டினார். எங்கள் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கச் சட்டம், பள்ளிக்கூடம், வேலை, பொதுக் குளம் கிணற்றில் உரிமை, தரிசு நிலம் ஆகியவற்றைத் தீர்மானங்கள் கேட்டன. இவை எல்லாமே ஓர் அரசிடம் கேட்கக்கூடியவை. ஊரிடம் கேட்டுக் கிடைக்காதவை. மறு ஆண்டு, 1892இல், செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. விற்கக்கூடாது, மற்றவர் வாங்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு அரசு கொடுத்த நிலம் அது. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று இந்த அவையில் சொல்லத் தேவையில்லை. கொடுத்தது அந்நிய அரசு, பறித்தது சொந்த ஊர்.

தேசம் ஒன்று, அரசு வேறொன்று என்பதைப் பண்டிதர் இந்த அனுபவத்திலிருந்து கண்டார். தேசம் என்பது மக்களுக்கு இடையில் உள்ள உறவு. அரசு என்பது சட்டமும் பத்திரமும் கச்சேரியும். உறவு கெட்டுக் கிடக்கும் இடத்தில், சட்டமாவது இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். இந்தியாவில் தேசம் உருவாகாமலே தேசியம் உருவானது என்று 1997இல் நூல் எழுதிய ஜி. அலாய்சியஸ், பண்டிதரைப் பற்றியும் விரிவாக எழுதியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பேத்கர் கேட்டது

1931 ஆகஸ்ட் 14இல் பம்பாய் மணிபவனில் காந்தியும் அம்பேத்கரும் சந்தித்தார்கள். எனக்குத் தாயகம் இல்லை என்று அம்பேத்கர் அன்று சொன்னார். நாயும் பூனையும்விடக் கேவலமாக நடத்தும் நாட்டை எப்படி என் நாடு என்பேன் என்று கேட்டார். மறு ஆண்டு தனித்தொகுதி உரிமை கிடைத்தது. காந்தி உண்ணாநோன்பிருந்தார். 1932 செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள். மாகாணங்களில் எங்களுக்கான இடங்கள் 71 என்பது 148 ஆனது. ஆனால் எங்கள் பிரதிநிதி யார் என்பதை நாங்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. 'நாங்கள்' என்று தனியே ஓட்டுப் போட விடாமல் தேசம் 'நாம்' என்று அணைத்துக்கொண்டது. அந்த அணைப்பில் மூச்சுத் திணறியது யாருக்கு என்று பிறகு வந்த தேர்தல்கள் காட்டின.

அதே அம்பேத்கர்தான் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றினார். பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்துகிடக்கும் மக்கள் ஒரு தேசம் என்று நம்புவது மயக்கம். சாதிகள் தேசத்துக்கு எதிரானவை. சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சாகவே இருக்கும். அன்று அவர் சொன்னதன் சாரம் இது. சட்டத்தை எழுதி முடித்தவர், சட்டத்தால் மட்டும் ஆகாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு இறங்கினார்.

1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதியபோது இன்னொரு எச்சரிக்கை கொடுத்தார். ஒரு மொழி பேசுவோர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மாநிலம் அமைத்தால், அங்கே எண்ணிக்கையிலும் நிலத்திலும் பெரிய சாதி மொழியின் பெயரால் ஆளும் என்றார். தமிழ்த் தேசியம் பேசும் நண்பர்களிடம் இதை நட்போடு வைக்கிறோம். தமிழ் எங்களுக்கும் தாய்மொழி. பண்டிதர் தன் பத்திரிகைக்கு வேறெந்தப் பெயரும் வைக்கவில்லை, 'தமிழன்' என்றே வைத்தார். ஆனால் 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. 2006இல்தான் நடந்தது. தடுத்தவர்களும் தமிழர்கள், தடுக்கப்பட்டவர்களும் தமிழர்கள். ஓர் ஊராட்சி நாற்காலியில் உட்காரவிடாத 'நாம்', தனி நாடு கிடைத்தால் எங்கே உட்காரவைக்கும்?

இரண்டு அரசுகள் பங்கிட்ட மக்கள்

இதுவரை சொன்னதை வைத்து, அரசு நல்லது, தேசம் கெட்டது என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அரசு என்ன செய்யும் என்பதற்கு மலையகத்தைப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மக்கள் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். 1876–78 தாதுவருடப் பஞ்சம் இன்னும் பலரை விரட்டியது. அவர்களில் பெரும்பகுதியினர் எங்கள் மக்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது. கங்காணியின் பற்றுச் சீட்டும் லயத்து அறையும் வாழ்க்கையாயின. கெல்னர் சொன்ன தொழிலுக்கான இடப்பெயர்வு இதைவிடப் பெரிதாக வேறெங்கே? ஆனால் கங்காணி ஊரிலிருந்து சாதியையும் ஏற்றிக்கொண்டுதான் போனார். லயங்களில்கூட யார் எங்கே குடியிருப்பது என்பதில் சாதி பேசியது.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புச் சான்று எழுதிவைத்தார்கள்? தாய் அங்கே பிறந்திருந்தாலும் அந்தக் கணக்கில் அது சேரவில்லை. 1949இல் வாக்குரிமையும் போனது. பல லட்சம் பேர் பிறந்த மண்ணில் நாடற்றவர் ஆனார்கள். அன்றைய தமிழ்த் தலைமையில் ஒரு பகுதி அந்த அரசில் அமைச்சுப் பொறுப்பில் இருந்தது. அதை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலோ 1968இல்கூட மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய எம் மக்கள் போராட வேண்டியிருந்தது. டானியலின் எழுத்தைப் படித்தவர்களுக்கு அந்த நிலம் தெரியும்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல இரண்டு தேச அரசுகள் மனிதர்களைப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. தேசம் என்பது சேர்ந்து வாழும் விருப்பம் என்றார் ரெனான். இவர்களின் விருப்பத்தைக் கேட்க ஒரு ஓட்டுப்பெட்டிகூட வைக்கப்படவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமைத் தாண்டி பல திசைகளுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. பண்டிதர் 1891இல் மாநாடு கூட்டிய அதே மலையில், எண்பது ஆண்டுகள் கழித்து, அதே மக்களின் பேரப்பிள்ளைகள் மறுபடியும் லயத்தில் குடியேறினார்கள். பண்டிதர் கேட்ட நிலம் அப்போதும் அவர்கள் பேரில் இல்லை.

இலங்கையில் தங்கிவிட்ட எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். 2023இல், வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். 'இந்திய வம்சாவளி' என்ற பெயரைவிட 'மலையகத் தமிழர்' என்ற பெயரே வேண்டும் என்ற குரல் இன்று வலுவாக ஒலிக்கிறது. பண்டிதர் கணக்கெடுப்பில் பெயருக்காகப் போராடியதை இது எங்களுக்கு நினைவூட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பண்டிதர் 1898இல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய்த்தான் பௌத்தம் தழுவினார். சாதியிலிருந்து வெளியேறும் வாசலாக அவர் கண்ட தருமத்துக்கு 1972ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பு முதன்மை இடம் கொடுத்து, அதைத் தேசத்தின் வேலியாக்கியது. நல்ல தருமத்தைக்கூட தேசியம் வேலிக்கம்பாக்கிவிடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பத்திரம் இல்லாதவர்கள்

'அது வேறு நாட்டுக் கதை' என்று சொல்ல முடியாது. 2019இல் அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இல்லை. 1971 மார்ச் 25க்கு முன்பு தாமோ தம் முன்னோரோ இங்கே இருந்ததற்குப் பத்திரம் காட்ட வேண்டும். 1948இல் இலங்கை கேட்டதும் பாட்டன் பூட்டனின் பத்திரம்தான். நிலம் உள்ளவனுக்குப் பட்டா இருக்கும், பட்டாவில் பாட்டன் பேர் இருக்கும். எந்த மதத்தவரானாலும், நிலமற்றவர்களின் பாட்டன்கள் காகிதத்தில் வாழ்ந்ததில்லை.

அதே 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவரைக் குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் குடும்பங்களில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள். 1948இல் ஒரு நாடு வேண்டாம் என்றது, போருக்குத் தப்பி வந்தபோது இன்னொரு நாடு அகதி என்றது.

நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணை மாநிலவாரியாக எழுதப்பட்டது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால் அங்கே அந்தச் சான்று செல்லாது. சாதி எல்லையைத் தாண்டிப் போய்விடும், சான்றிதழ் எல்லையிலேயே நின்றுவிடும். அந்த ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். பௌத்தரைச் சேர்க்க 1990 ஆனது. கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தீண்டாமை மதம் கேட்டு வருவதில்லை. நிவாரணம் மட்டும் மதம் கேட்கிறது. தேசம் என்று யாரை மனதில் வைத்து இந்த அரசு எழுதப்பட்டது என்பதற்கான தடயம் அங்கே இருக்கிறது.

அரசு எங்கள் தாய் இல்லை என்பதற்கு இன்னும் நெருக்கமான சாட்சி தாமிரபரணி. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் ஆற்றில் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அவர்கள் எல்லோரும் இந்நாட்டுக் குடிமக்கள்தான்.

இனி என்ன?

உலகமயம் வந்துவிட்டது, எல்லைகள் கரைகின்றன, தேச அரசின் காலம் முடிகிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பேச்சு கேட்கிறது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது அந்தப் பேச்சு பலமாக எழுந்தது. அதே 1989இல் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒரு சுவர் எழுந்தது. எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. போராட்டம் நடந்தது, கட்சிகள் வந்தன. கடைசியில் இடித்தது மாவட்ட நிர்வாகம், அதாவது அரசு. உலகமயம் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை.

நாடற்றவர்களைப் பற்றி எழுதிய ஹன்னா ஆரெண்ட், ஓர் அரசில் இடம் இல்லாதவருக்கு மனித உரிமைகள் என்று சொல்லப்படுபவை எதுவும் கைக்கு எட்டாது என்று கண்டார். நாடு இழந்து தப்பியோடியவர் அவர். மலையகம் அதையே எங்களுக்குச் சொல்லித் தருகிறது. ஆகவே தேச அரசு ஒழியட்டும் என்ற கோஷத்தில் நாங்கள் அவசரப்பட்டுச் சேர மாட்டோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இடஒதுக்கீடும் பஞ்சமி நில ஆணையும் அரசு என்ற ஒன்று இருப்பதால்தான் கேட்க முடிகிறது. அரசு சுருங்கி வேலைகள் தனியாருக்குப் போகும்போது முதலில் சுருங்குவது எங்கள் இடம்.

தேசம் புனிதமானது, அதைக் கேள்வி கேட்காதே என்பவர்களோடும் நாங்கள் சேர மாட்டோம். அவர்கள் கேட்பது எங்கள் உடம்பை. தருவது கொடியின் நிழல்.

மன்றத்தில் இந்த இடத்தில்தான் எங்களுக்குள் வாதம் சூடாயிற்று. 'அரசையும் நம்பாதே, தேசத்தையும் நம்பாதே என்றால் எங்கே நிற்பது?' என்று ஓர் இளைய தோழர் கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு நாங்கள் வந்து சேர்ந்த பதில் இது. இரண்டிடமும் கேட்பதை நிறுத்தக்கூடாது. ஆனால் எதை யாரிடம் கேட்பது என்று குழப்பிக்கொள்ளக்கூடாது.

அரசிடம் கேட்பதை உரிமையாகக் கேட்போம், அன்பாகக் கேட்க மாட்டோம். பிறந்த மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை. பாட்டன் பத்திரம் கேட்காத சட்டம். மதமும் மாநில எல்லையும் பாராத பட்டியல். பறிபோன பஞ்சமி நிலத்தின் மீட்பு. முகாம்களில் தலைமுறை கடந்தும் காத்திருப்போருக்கு ஒரு முடிவு.

தேசத்திடம் கேட்பது வேறு. சகோதரத்துவத்தை எந்த நீதிமன்றமும் ஆணை போட்டு வாங்கித் தர முடியாது. அதை எங்களால் உண்டாக்கவும் முடியாது; சுவரைக் கட்டியவர்கள் நாங்கள் இல்லை. பிணம் எந்தப் பாதையில் போகிறது, யார் யாரை மணக்கலாம், அப்படி மணந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, ஒரே தொட்டித் தண்ணீரை எல்லோரும் குடிக்கிறார்களா என்று பார்த்தால் ஓர் ஊரில் தேசம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்தியத் தேசியம், தமிழ்த் தேசியம், ஈழத் தேசியம் என்று எது வந்தாலும் எங்களிடம் உள்ள அளவுகோல் இதுதான். இதில் தேறும் தேசத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது எங்கள் தேசம்.

முடிக்கும் முன் ஒரு வேலையை முன்வைக்கிறோம். நீலகிரியிலும் மற்ற இடங்களிலும் தாயகம் திரும்பிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய கடவுச்சீட்டுகளும் குடும்ப அட்டைகளும் தோட்டத்துச் சீட்டுகளும் இருக்கின்றன. கப்பலில் வந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். அந்தக் காகிதங்களைப் படியெடுத்து வைக்க வேண்டும். 'தமிழன்' இதழ்களை யாரோ எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் பண்டிதர் நூறாண்டு கழித்து நமக்குக் கிடைத்தார். அடுத்த முறை ஓர் அரசு வந்து பாட்டன் பேர் என்ன, பத்திரம் எங்கே என்று கேட்டால், காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க மன்றம் முடிவு செய்திருக்கிறது. எங்கள் சாதியில் பிறக்காத நண்பர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். பெட்டிகளைத் திறக்கவும் கேட்டு எழுதவும் நீங்களும் வாருங்கள். சேர்ந்து செய்து முடித்த பிறகு எழுதும் அறிக்கையில் 'நாம்' என்று எழுத முடிகிறதா பார்ப்போம்.